கோச் வேலையிலிருந்து சொந்த கிளப்புக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எந்த வழி கட்டுப்படியாகும்?

பள்ளி மைதானத்தில் சாயங்காலம் நாற்பது பிள்ளைகளை ஓடவிடும் கால்பந்து கோச்சுக்கு இரண்டு, மூன்று வருடத்தில் ஓர் எண்ணம் வரும்: "இதையே நம்ம பேர்ல ஒரு கிளப்பா ஆக்கிட்டா என்ன?" அடுத்த வாரமே லோகோ தயாராகிவிடும், ஜெர்சிக்கு திருப்பூரில் விலை கேட்டாகிவிடும். பதிவு, குத்தகை, கணக்கு எல்லாம் அப்புறம்தான். சிக்கல் தொடங்குவது இந்த வரிசையில்தான்.

'சொந்த கிளப்' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். உள்ளே பார்த்தால் அது மூன்று தனித்தனி உடைமை. மைதானத்தைப் பயன்படுத்தும் உரிமை ஒன்று. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் அங்கீகாரமும், அதன் வழியே கிளப் பெயரில் பதிவான வீரர்களும் இன்னொன்று. வரும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்கும் வழி எதுவும் இங்கே கிடையாது. எதைக் கையில் வைத்துக்கொண்டு எதை விடுவது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

முதலில் கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 60 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். பன்னிரண்டு மாதமும் வசூலாகும் என்று எழுதக்கூடாது. பரீட்சை, மழை, விடுமுறை எல்லாம் போக ஒன்பது மாதத்துக்குத்தான் கணக்கில் எடுக்கலாம்: 5,40,000 ரூபாய். மைதான வாடகை மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 1,20,000. உதவி கோச்சுக்கு மாதம் 15,000 வீதம் 1,80,000. பந்து 30, ஒன்று 900 ரூபாய், வருடத்தில் இரண்டு முறை மாற்ற 54,000. செம்மண் தரையில் பந்தின் மேல்தோல் சீக்கிரம் தேயும், ஆகவே இதில் கை வைக்க முடியாது. வெளியூர்ப் போட்டி ஆறு, ஒவ்வொன்றுக்கும் வேன், சாப்பாடு 12,000 என்றால் 72,000. நுழைவுக் கட்டணம், காப்பீடு, முதலுதவி, கோன், பிப் எல்லாம் சேர்த்து 40,000. மொத்தச் செலவு 4,66,000. மிச்சம் 74,000, மாதத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். தலைமை கோச்சின் சம்பளம் இதற்குள்தான் வரவேண்டும்.

உங்கள் ஊர்க் கட்டணத்தையும் வாடகையையும் போட்டு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பாலக்கோட்டில் 1,000 ரூபாய் கேட்க முடியாது, ஓசூரில் அதைவிடக் கூடுதலாகவே கேட்கலாம். ஆனால் கணக்கின் சாயல் மாறாது. பயிற்சிக் கட்டணம் கிளப்பை நடத்தும், கோச் குடும்பத்தை நடத்தாது. அதனால் இரண்டாவது வரவு ஒன்று வேண்டும். டர்ஃப் எனும் செயற்கைப் புல் மைதானத்தின் வாடகையா, தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியா, பள்ளிச் சம்பளமா? இதற்கான விடைதான் எந்தச் சட்ட வடிவம் சரி என்பதையும் முடிவு செய்யும்.

அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இரு மாவட்டங்களிலும் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருவோரில் நிறையப் பேர் அவர்கள்தான். 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அனுமதியில்லாமல் தொழில் செய்வதைத் தடுக்கின்றன. கூட்டாண்மையில் பெயர் போட்டுக்கொண்டு "மனைவி பேர்லதான் இருக்கு" என்று சமாளிப்பது ஒரு மொட்டைக் கடிதம் வரும்வரைதான் ஓடும். லாப நோக்கமற்ற சங்கத்தில் பொறுப்பு வகிப்பதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சங்கமாகப் பதிவு செய்வது

பெரும்பாலான கிளப்புகள் போகும் வழி இது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, நோக்கமும் துணை விதிகளும் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. விளையாட்டு வளர்ச்சி அந்தச் சட்டம் ஏற்கும் நோக்கங்களில் ஒன்று. மாவட்டச் சங்க அங்கீகாரம் கேட்டுப் போகும்போதும் இந்தச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

ஆனால் சங்கத்தில் முதலாளி என்று ஒருவர் இல்லை. உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போக முடியாது, மறுபடி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. கலைத்தாலும் மிச்சச் சொத்து உறுப்பினர் வீட்டுக்குப் போகாது. பத்து வருடம் உழைத்து வளர்த்த கோச்சை, பொதுக்குழுவில் ஐந்து பேர் கை தூக்கி வெளியே அனுப்ப முடியும். கேட்க அநியாயமாக இருக்கலாம். கல்கத்தாவின் மோகன் பகானும் (1889) ஈஸ்ட் பெங்காலும் (1920) உறுப்பினர் கிளப்புகளாக வளர்ந்தவைதான். கிளப் எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமில்லை என்பதே அந்த அமைப்பின் அர்த்தம்.

இதற்குப் பயந்து மனைவி, தம்பி, மச்சான், மாமனார் என்று ஏழு பேரையும் வீட்டுக்குள்ளேயே பிடிக்கிறார்கள். பதிவாகிவிடும். பிறகு ஒரு நிறுவனத்திடம் நிதி கேட்டுப் போனால், உறுப்பினர் பட்டியலைப் பார்த்ததுமே கோப்பை ஓரம் வைத்துவிடுவார்கள். குடும்பத்தில் பாகப் பிரச்சினை வந்தால் கிளப்பும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இதைவிட நல்ல வழி, ஏழில் இருவர் குடும்பம், இருவர் பெற்றோர், ஒரு பழைய வீரர், ஓர் உடற்கல்வி ஆசிரியர், கணக்குத் தெரிந்த ஒருவர் என்று அமைத்துக்கொள்வது. கூடவே, 'பயிற்சி சார்ந்த முடிவுகள் தலைமை கோச்சுடையவை' என்பதைத் துணை விதியிலும், சம்பளத்தையும் நீக்க முன்னறிவிப்பையும் ஒரு தனி வேலை ஒப்பந்தத்திலும் எழுதிவிடலாம். முதலாளி ஆக முடியாவிட்டாலும், எளிதில் அசைக்க முடியாத ஊழியராக இருக்கலாம்.

பணம் சார்ந்து சங்கத்துக்கு இரண்டு வசதிகள். வருமான வரித் துறையில் வரி விலக்குக்கான 12ஏபி பதிவு பெற்ற அறநிறுவனம் தரும் விளையாட்டுப் பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மற்றவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டணத்தின் மேல் 18 சதவீதம். இரண்டாவது, 80ஜி பதிவு இருந்தால் நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை. ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. பொதுநலச் சங்கம் வணிகம் போலச் சம்பாதிக்கும் தொகை மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு வரி விலக்கு போய்விடும். முழுக்க முழுக்கக் கட்டணத்தில் ஓடும் அகாடமி இந்த வரம்பில் இடறலாம். அகாடமியைத் திறப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பழைய கிளப்பை 'வாங்குவது'

"பதிவான கிளப் ஒண்ணு சும்மா கெடக்குது, இவ்வளவு குடுத்தா எடுத்துக்கலாம்" என்று யாராவது வருவார்கள். சங்கத்தை விற்க முடியாது, விற்பதற்கு அதில் பங்கே இல்லை. நடப்பது என்னவென்றால், பழைய நிர்வாகிகள் ராஜினாமா செய்து, புதியவர்களை உறுப்பினராகச் சேர்த்து, பொதுக்குழு தேர்ந்தெடுத்து, அந்த மாற்றத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது. கொடுக்கும் பணத்துக்கு எந்த உரிமைப் பத்திரமும் கிடைக்காது.

ஆனாலும் சில நேரம் இது லாபம். புதுக் கிளப்புக்கு அங்கீகாரம் வர நாளாகும், பழையதுக்கு லீக் இடம் ஏற்கெனவே இருக்கும். பார்க்க வேண்டியவை: கடந்த மூன்று வருடம் பதிவாளரிடம் கணக்கு தாக்கலான ரசீது, மாவட்டச் சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, உறுப்பினர் பதிவேட்டின் அசல், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் (சி.ஆர்.எஸ்.) கிளப் பெயர் உயிரோடு இருக்கிறதா என்பது. உறுப்பினர் பதிவேட்டில் முப்பது பேர் இருந்து, உங்களிடம் எட்டுப் பேரின் கையெழுத்து மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். மிச்சம் இருபத்திரண்டு பேரில் ஒருவர் நீங்கள் ஜெயித்த பிறகுதான் வருவார்.

கூட்டாண்மையும் டர்ஃபும்: ஓசூர்க் கணக்கு

உண்மையான அர்த்தத்தில் முதலாளி ஆவது இந்த வழியில்தான். வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது எல்.எல்.பி., இருவர் இருந்தால் போதும். வரவு 40 லட்சத்துக்கும் மூலதனம் 25 லட்சத்துக்கும் கீழே இருக்கும்வரை கட்டாயத் தணிக்கை இல்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் முதல் ரூபாயிலிருந்தே தணிக்கை உண்டு. ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறும். இரண்டு வருடம் மறந்துவிட்டு, அபராதத்தைப் பார்த்து மலைத்து நிற்பவர்கள் உண்டு. வெளி முதலீட்டாளர் வரப்போகிறார் என்று உறுதியாகத் தெரியாதவரை எல்.எல்.பி. போதும்.

பணம் போடுபவர் வேறு, கோச் வேறு என்றால் பங்கை முதல் நாளே எழுதுங்கள். "நீங்க பாத்துக்கோங்க கோச், பின்னாடி செஞ்சுக்கலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கம்பெனியாக இருந்தால் தொடக்கத்தில் பத்து ரூபாய் முகமதிப்பில் கிடைக்கும் பங்கு, தொழில் ஓடத் தொடங்கிய பிறகு மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்குத்தான் வரும். உழைப்புக்கு ஈடாகப் பின்னால் பங்கு கொடுக்கச் சட்டத்தில் வழி இருந்தாலும், அதற்கு மதிப்பீடும் மூன்று ஆண்டு விற்பனைத் தடையும் உண்டு.

இனி நிலம். முழு அளவு மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர், கோடுகளுக்குள் மட்டுமே ஏறக்குறைய 1.76 ஏக்கர். ஓரம் விட்டால் இரண்டு ஏக்கர் வேண்டும். ஐவர் டர்ஃபுக்கு 40-க்கு 20 மீட்டர் என்றால் 20 சென்ட், வண்டி நிறுத்தம், கழிவறை சேர்த்து 30 சென்ட். ஓசூரில் சிப்காட்டைச் சுற்றி, பாகலூர் சாலையில், மத்திகிரிப் பக்கம் நிலம் விலையேறிக் கிடக்கிறது. வாங்குவது பேச்சுக்கே இல்லை, குத்தகைதான்.

இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஐந்து வருடம் என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது சண்டை வரும்போது நிற்காது. செயற்கைப் புல் பொதுவாக ஐந்திலிருந்து எட்டு ஆண்டுக்குள் தேய்ந்துவிடும், கோல் கம்பத்தின் முன்னால் அதற்கும் முன்பே வழுக்கையாகும். ஐந்து வருடக் குத்தகை, ஐந்து வருடக் கடன், ஆறாவது வருடம் புதுப்பிக்கும்போது உரிமையாளர் வாடகையை இரட்டிப்பாக்கினால், மொத்த முதலீடும் அவர் மண்ணில். குத்தகை குறைந்தது ஒன்பது வருடம் இருக்கட்டும், வாடகை உயர்வு வருடத்துக்கு எவ்வளவு சதவீதம் என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு அந்த நிலம் பஞ்சமி நிலமா, மேய்க்கால் புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டிலும் போட்ட காசு திரும்பாது.

விவசாய நிலமாக இருந்தால் இன்னொரு கண்ணி. இலவச விவசாய மின்சாரத்தில் ஓடும் போர்வெல்லிலிருந்து மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. தனி வணிக இணைப்பு வாங்க வேண்டும். விளக்குகளுக்கு எப்படியும் அது தேவை.

இயற்கைப் புல் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலே முழு மைதானத்துக்கு 35,700 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் தினமும் மூன்று நடை. தருமபுரி வறட்சியில் இது நடக்காது. நன்றாக உருளை ஓட்டிய செம்மண் தரையே போதும். கற்களைப் பொறுக்கி, வாரத்துக்கு இரண்டு முறை லேசாக நனைத்து உருட்டினால் பந்து ஒழுங்காக ஓடும். ஒற்றை விளைவு, கோல்கீப்பர் பிள்ளைகளுக்கு முட்டியும் முழங்கையும் மறைக்கும் உறை வாங்கித் தர வேண்டும்.

டர்ஃபின் வரவு மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை, வார இறுதி முழுக்க. பிள்ளைகளின் பயிற்சி நாலரையிலிருந்து ஆறு. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்காது என்பதுதான் கோச் நடத்தும் டர்ஃபுக்கு உள்ள பெரிய பலம். வெறும் டர்ஃப் முதலாளிக்கு அந்த ஒன்றரை மணி நேரம் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் இரண்டு வரவும் ஒரே பான் எண்ணில் சேர்ந்தால் 20 லட்ச வரம்பைத் தாண்ட நாளாகாது, பயிற்சிக் கட்டணத்தின் மேலும் 18 சதவீதம் ஏறும்.

அதனால் பல இடங்களில் இரட்டை அடுக்கு பொருந்தும்: அங்கீகாரம், வீரர் பதிவு, பயிற்சி எல்லாம் சங்கத்தில், டர்ஃபும் கேன்டீனும் எல்.எல்.பி.யில். பெரிய அளவிலும் இதே மாதிரிதான். 2020-இல் ஒரு முதலீட்டுக் குழுமம் மோகன் பகான் கிளப்பின் கால்பந்து நிறுவனத்தோடு இணைந்தபோது, குழுமம் 80 சதவீதமும் மோகன் பகான் தரப்பு 20 சதவீதமும் வைத்துக்கொண்டன. உங்கள் ஊர் அளவில் கவனிக்க வேண்டியது, சங்கம் உங்கள் எல்.எல்.பி.க்குத் தரும் மைதான வாடகை சந்தை விலைக்கு மேல் போகக்கூடாது. நிறுவனருக்கு மறைமுகமாக ஆதாயம் போகிறது என்று வருமான வரித் துறை கண்டால் 12ஏபி பலன் போய்விடும்.

பள்ளி, கல்லூரியோடு சேர்வது

தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்துக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றது. மைதானம், கழிவறை, வேன், சில நேரம் விடுதி, எல்லாம் தயாராக இருக்கும். 2018-19 இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற மதுரையின் சேது எஃப்.சி. ஒரு கல்வி நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்ததுதான். விலை என்னவென்றால், கிளப் பெயர் நிறுவனத்துடையது. தாளாளர் மாறினால் முன்னுரிமையும் மாறும். இங்கே கோச் வாங்கிவைக்க வேண்டியது மைதானத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பயன்படுத்தும் எழுத்து ஒப்பந்தம், வெளிப் பிள்ளைகளும் சேரலாம் என்ற வரி, கிளப் பதிவு பள்ளிப் பெயரில் இல்லாமல் தனிச் சங்கமாக இருப்பது. மூன்றாவதைத் தாளாளர்கள் சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பள்ளிப் பெயரை ஜெர்சியில் முன்னால் போட்டுத் தருவதாகச் சொன்னால் பேச்சு நகரும்.

தொழிற்சாலை நிதி

ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று பெரிய ஆலைகள் இருக்கும் மாவட்டம் கிருஷ்ணகிரி. கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி, நிறுவனச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அதனால் சி.எஸ்.ஆர். எனும் சமூகப் பொறுப்பு நிதியை இதற்குத் தரலாம். கேட்பவரிடம் 12ஏபி, 80ஜி, சி.எஸ்.ஆர். 1 படிவப் பதிவு, மூன்று ஆண்டுச் செயல்பாட்டுச் சான்று, நான்கும் வேண்டும். இன்றைக்கு மனு எழுதி நாளைக்கு வாங்க முடியாது. ஆகவே கிளப் சிறியதாக இருக்கும்போதே சங்கத்தைப் பதிந்து, வருகைப் பதிவேடு, போட்டி முடிவுகள், தணிக்கைக் கணக்கு எல்லாவற்றையும் முதல் வருடத்திலிருந்தே ஒழுங்காக வைப்பது நான்காவது வருடத்தில் பலன் தரும். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி என்று திட்டம் எழுதினால் அது சி.எஸ்.ஆர். ஆகாது.

நிதி பெரிதாக வரும் என்ற நிலையில், நிறுவனச் சட்டத்தின் பிரிவு 8-இல் பதியும் லாப நோக்கமற்ற கம்பெனி நல்லது. இரண்டு இயக்குநர் போதும், ஏழு பேர் கூட்டம் தேவையில்லை, நிறுவனங்களும் நம்பும். லாபப் பங்கு கிடையாது, தாக்கல் செலவு அதிகம். கட்டுப்பாடு கையில் இருக்க வேண்டும், சம்பளம் மட்டும் போதும் என்பவருக்குச் சங்கத்தைவிட இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. மாவட்டச் சங்கம் கம்பெனி வடிவத்தை ஏற்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமத்தில் ஏறி மேலே போய்ப் பங்கு வாங்குவது

டி, சி, பி, ஏ, புரோ என்று கோச் உரிமத்தில் படியேறி, பெரிய கிளப்பில் கோச்சாகி, பிறகு பங்குதாரர் ஆவது. செஸ்க் ஃபாப்ரிகாஸ் இத்தாலியின் கோமோ கிளப்பில் பங்கும் வைத்துக்கொண்டு பயிற்சியும் தருகிறார், ஆனால் அவர் கொண்டுவந்தது ஆட்டக்காரராகச் சம்பாதித்த பணம். பாரி ஃப்ரை 1996-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ கிளப்பை ஏற்று மேலாளரும் உரிமையாளருமாக இருந்தார். நம் நாட்டில் மேல்தட்டு கிளப்புகளே ஆட்டம் காண்கின்றன. 2018-19-இல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதம் வாங்கியது, சில ஆண்டுகளில் அந்தக் கிளப்பே ஐ-லீக்கில் இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நிச்சயமில்லாமல் நின்றபோது, ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. உரிமம் வாங்குங்கள், அது தொழிலுக்கு அவசியம். கிளப் உரிமைக்கு அது தனி வழி அல்ல.

வீரரை விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கனவுக்கும் ஒரு கணக்கு. வீரர் கிளப் மாறும்போது அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரும் ஃபிஃபாவின் ஒற்றுமைப் பங்கு, மாற்றுத் தொகையில் 5 சதவீதம். அதில் 12 முதல் 15 வயது வரை வளர்த்த கிளப்புக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதம். ஒரு கோடிக்கு ஒரு வீரர் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால், நான்கு வருடம் வளர்த்தவருக்கு ஒரு லட்சம். அதுவும் அந்த நான்கு வருடமும் பிள்ளை உங்கள் அங்கீகரிக்கப்பட்ட கிளப் பெயரில் பதிவாகி இருந்தால்தான். ஓசூர்ப் பிள்ளைகளைப் பெங்களூருக் கிளப்புகள் வழியாகக் கர்நாடக லீக்கில் ஆடவிட்டால், பதிவு அங்கே, பாடு இங்கே.

பெற்றோர் கேட்பது வேறு. "சார், சர்ட்டிபிகேட் கெடைக்குமா?" அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு அவர்கள் மனதில் இருக்கிறது. அதற்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பின் போட்டிச் சான்றிதழ்தான் செல்லும், தனியார் டர்ஃப் கோப்பை செல்லாது. கட்டணம் தொடர்ந்து வரவேண்டுமென்றால் மாவட்டச் சங்க அங்கீகாரத்தை இரண்டாம் பட்சமாக நினைக்க முடியாது.

ஆக, தருமபுரி மாவட்டத்தில் முதலீடில்லாத கோச் என்றால்: பள்ளி மைதான ஒப்பந்தம், தனிச் சங்கம், மூன்று வருடம் பொறுமை. ஓசூரில் பத்து லட்சம் போடும் கூட்டாளி இருந்தால்: முதலில் சங்கம், ஆறு மாதம் கழித்து எல்.எல்.பி., குத்தகை பதிவான பிறகே டர்ஃப். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணத்தின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவே. அங்கே டர்ஃபை முதலில் போட்டவர் ஜெயிப்பார், மூன்றாவதாகப் போட்டவர் கடனைக் கட்டுவார்.

எந்த வழியானாலும் சி.ஆர்.எஸ். கணக்கின் கடவுச்சொல் யாருடைய மொபைல் எண்ணில், யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் அது கணினி தெரிந்த உதவி கோச்சின் சொந்த எண்ணாக இருக்கும். அவர் ஜூலையில் வேறு அகாடமிக்குப் போனால், லீக் பதிவு மூடும் நாளில் உங்கள் கிளப்பில் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்க முடியாது. கிளப் பெயரில் ஒரு மின்னஞ்சல், கிளப் பெயரில் ஒரு சிம், இரண்டும் தலைவர், செயலாளர் இருவரிடமும். சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.